இடுப்புக்கு நாலு விரல் கீழே

டிசம்பர் 3, புதன்

விடிவதற்கு முன்பே மழை. ஹால் சுவரில் மறுபடி ஓதம். ஜன்னலுக்குக் கீழே, இட்லித் தட்டு அளவுக்கு. போன வருடம்தான் பெயிண்ட் அடித்தது.

நான் ஓதத்தைப் பார்த்து அலுத்துக்கொள்கிறேன். அவர் இஞ்சு டேப்போடு வந்து நிற்கிறார். "அந்த எடத்த விட்டுட்டுப் படம் விழுவுற மாதிரி வெச்சுக்கலாம் ஜெமீலா." ப்ரொஜெக்டர் பைத்தியம் பிடித்து இன்றோடு பதினோரு நாள். (இனி ப்ரொ. முழுசாக எழுதினால் கை வலிக்கிறது.)

மருமகன் சென்னையிலிருந்து போனில்: "மாமா, பெரிய டிவியா வாங்கிடுங்க. பகல்லயும் பளிச்சுன்னு தெரியும்."

இவர்: "டிவி வேணாம் மாப்ள. டிவியில பாத்தாச்சு."

பார்த்தாச்சுதான். இருபத்தாறு வருடம் சவுதியில். கேம்ப் ரூமில் பன்னிரண்டு ஆள், பதினாலு இன்ச் டிவி ஒன்று. மகள் நஸீமாவை வீடியோ எடுத்து, ஊருக்கு வந்து திரும்புகிறவர்கள் கையில் கேசட்டாகக் கொடுத்தனுப்புவோம். வியாழக்கிழமை ராத்திரி போட்டுப் பார்ப்பாராம். "எம்புள்ளைய நான் பாத்ததெல்லாம் கட்டவெரல் அளவுதான்" என்று இன்று சாப்பிடும்போது சொன்னார். ரசம் ஊற்றப் போன கை அப்படியே நின்றது. அதற்குப் பிறகு நான் ப்ரொ. பற்றி ஒன்றும் குறை சொல்லவில்லை. சாயங்காலம் வரைக்கும்.

வாங்க: பச்சை மிளகாய், கொசுவத்தி, ஹாலுக்குக் கனமான திரைத்துணி (இருட்டு வேண்டுமாம்).

டிசம்பர் 4, வியாழன்

தூறல். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் கடைக்குப் போனோம். கடைக்காரர் நல்ல மனிதர், பொறுமைசாலி. அதற்கும் சோதனை வந்தது.

முதலில் காட்டியது கைக்கு அடக்கமான சின்னது. கடை ஷட்டர் திறந்திருந்தது, படம் வெளுத்துப் போய், பால் கலந்த தண்ணீர் மாதிரி. அடுத்தது பெரியது. லூமென்ஸ் ஜாஸ்தி. லூமென்ஸ் என்றால் வெளிச்சம் என்று எனக்கே புரிந்துவிட்டது.

"எத்தன இன்ச்சுக்கு வேணும் பாய்?"

இவர் என் பக்கம் திரும்பி, "நஸீமா மூணு வயசுல எவ்வளவு உசரம் இருப்பா?" என்றார்.

கடை நடுவில். நான்கு பேர் பார்க்க. நான் எழுந்து நின்று, கையை இடுப்புக்கு நாலு விரல் கீழே வைத்துக் காட்டினேன். "இவ்வளவுதான். ஒட்டி நின்னா தல இங்க வரும்." கை தானாகப் போய் நின்றது, யோசிக்கவே இல்லை.

"அந்த உசரத்துக்குத் தெரியணும் தம்பி. எத்தன அடி தள்ளி வெக்கணும்?" என்றார் இவர்.

கடைக்காரர் தலையைச் சொறிந்தார். "அது எப்புடிங்க? கேமரா கிட்டப் போயி எடுத்திருந்தா பெருசாத் தெரியும், தள்ளி நின்னு எடுத்திருந்தா சிறுசாத் தெரியும். அது மெஷின் கையில இல்லீங்களே." அப்புறம் பாவப்பட்டு, "நூறு இன்ச்சு வெச்சுக்குங்க. அதுக்கு மேல போனா பழைய கேசட்டு கஞ்சி மாதிரி கலங்கிரும்" என்றார். பெரியதற்கே சொல்லிவிட்டு வந்தோம். அடுத்த வியாழன் வரும்.

அந்த உயரத்தை அவர் பார்த்ததில்லை. ஒன்றேகால் வயதில் விட்டுப் போனார். அடுத்து வந்தபோது நாலரை.

டிசம்பர் 6, சனி

வெயில் எட்டிப் பார்த்தது. துணி காய்ந்தது. அதைத் தவிர நல்ல செய்தி இல்லை.

அவர் பீரோவில் கேசட் தேடினார். நான் அடுப்படியில். என்னைக் கேட்டிருந்தால் எடுத்துக் கொடுத்திருப்பேன். நாலு கேசட், சவுதியிலிருந்து அவரே பெட்டியில் திருப்பிக் கொண்டு வந்தவை. மேலே என் கையெழுத்தில் லேபிள்: "நஸீமா 2 வயது." "நோன்புப் பெருநாள்." "புது வீடு." "நஸீமா ஸ்கூல்."

ஐந்தாவதையும் எடுத்துவிட்டார். என் நிக்காஹ் புடவைக்கு அடியில் இருந்ததை. "தங்கச்சி நிக்காஹ், லப்பைக்குடிக்காடு."

"இது என்னா ஜெமீலா? சிக்கிக் கிழிஞ்சு போச்சுன்னு கடுதாசி எழுதுன?"

முப்பது வருடத்துக்கு முந்தின கடிதத்தின் வரி அவருக்கு ஞாபகம் இருக்கிறது. நேற்று வாங்கச் சொன்ன கொத்தமல்லி ஞாபகம் இல்லை.

"சிக்குச்சு. அப்புறம் யாரோ சரி பண்ணிருப்பாங்க" என்றேன். பொய் சொல்லும்போது என் குரல் பெரிதாகிவிடும். அவருக்குத் தெரியுமோ தெரியாதோ. துண்டால் தூசி துடைத்து, நாலோடு ஐந்தாக அடுக்கிவிட்டார்.

குழம்பு அடிப்பிடித்தது.

டிசம்பர் 7, ஞாயிறு

தூக்கம் இல்லை. எழுதிவிடுகிறேன். இந்த டைரியை யாரும் படிக்கப் போவதில்லை. அவருக்குக் கடிதம் எழுதிப் பழகிய கை. போன் வந்த பிறகு சும்மா இருக்க முடியாமல்தான் டைரிக்கு வந்தேன். சொல்லாமல் விட்டவை எல்லாம் இதில்தான்.

ஒவ்வொரு தடவையும் வீடியோ எடுக்க அரியலூரிலிருந்து செல்வம் வருவார். தோளில் பெரிய கேமரா, கூடவே கண்ணைக் குத்துகிற லைட். நஸீமாவுக்குப் பவுடர் போட்டு, சுவரை ஒட்டி நிறுத்தி, தகப்பன் அதற்குள்தான் இருப்பது போலக் கேமராவைக் காட்டுவேன். "அதோ பாரு அத்தா. அத்தாவுக்கு சலாம் சொல்லு. அத்தாவுக்கு முத்தம் குடு." பிள்ளை கேமராவைப் பார்த்துச் சொல்லும்.

நான்தான் சொல்லிக் கொடுத்தேன். வேறு யாருமில்லை.

தங்கச்சி நிக்காஹ். நஸீமாவுக்கு மூன்றேகால் வயது. மஞ்சள் கவுன், மாமி அனுப்பிய ஷூ. வாசலில் செல்வம் கேமராவோடு உள்ளே வருகிறார். என் இடுப்பை ஒட்டி நின்றவள் கையை உதறிக்கொண்டு ஓடினாள். இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு. "அத்தா! அத்தா வந்துட்டாங்க! அத்தா!"

செல்வத்தைப் பார்த்து.

பெண்கள் பக்கம் ஒரே சிரிப்பு. யார் குரல் என்று இன்றுவரை தெரியும், எழுத மாட்டேன்: "ஆளு சவுதியிலன்னு சொன்னாங்க, இங்கயில்ல நிக்கிறாரு!"

போய் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தேன். அதுவரை அந்தப் பிள்ளையை நான் அடித்ததே இல்லை. அது அழக்கூட இல்லை, என்ன தப்பு செய்தோம் என்று பார்த்தது. அந்த முகம் இருக்கிறதே.

கேசட்டைப் பன்னிரண்டு ஆள் உட்கார்ந்திருக்கிற ரூமுக்கு எப்படி அனுப்புவேன்? சிக்கிக் கிழிந்துவிட்டது என்று எழுதினேன்.

அடுத்த வருடம் அவர் வந்து இறங்கினார். பத்து நாள் நஸீமா என் முந்தானைக்குப் பின்னால். "அந்த மாமா எப்ப போவாங்க?" அவர் வெளியே சிரித்தார். குளிக்கப் போனால் வர நேரமாகும்.

டிசம்பர் 9, செவ்வாய்

அரியலூர். பஸ் முழுக்க ஈர வாடை. முன்னால் சிமெண்ட் லாரி வரிசை, ஒன்றையும் முந்த முடியவில்லை.

செல்வத்துக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது. பழைய கேசட்டைப் பென்டிரைவில் ஏற்றித் தரும் வேலையும் பார்க்கிறார். ஐந்தையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். நாடா ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சை. "தொடச்சு எடுத்துரலாம் பாய். சுத்தமா வராதுன்னு இல்ல."

வராது என்று ஒரு வார்த்தை சொல்ல மாட்டாரா என்று வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் லுஹர் தொழப் பள்ளிவாசலுக்குப் போன நேரம். நான் வாயைத் திறக்கும் முன்பே செல்வம் சொன்னார்: "லப்பைக்குடிக்காடு கேசட்டுதானக்கா? எனக்கு ஞாபகம் இருக்கு."

"எதுவரைக்கும் இருக்கு அதுல?"

"பாப்பா ஓடி வர்றது முழுசா இருக்கும். நீங்க வரவும் கேமராவ எறக்கிட்டேன். அப்புறம் தரைதான் தெரியும். ஆனா சத்தம் பதிஞ்சிருக்குமே." கேசட்டைக் கீழே வைத்தார். "அன்னிக்கு எனக்குக் கல்யாணம் கூட ஆவல. ஒரு புள்ள என்னைய அத்தான்னு கூப்புட்டது மொதல்ல அதுதான். அடி வாங்க வெச்சுட்டமேன்னு ரொம்ப நாள் சங்கடமா இருந்துச்சு."

நான் மட்டும்தான் சுமக்கிறேன் என்று நினைத்திருந்தேன்.

"அந்த எடத்த வெட்டணும்னா வெட்டிடறேன். ஒரு வார்த்தை போன்ல சொல்லுங்க. பாய்க்குத் தெரியாது."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். வரும் வழியில் அவர் கடலை வாங்கி உரித்து உரித்து என் கையில் வைத்தார். தின்னாமல் பையில் போட்டுக்கொண்டேன்.

டிசம்பர் 11, வியாழன்

ப்ரொ. வந்துவிட்டது. மாட்ட வந்தவர் ஏணியோடு வந்தார், சீலிங்கில் ஓட்டை போட.

இவர்: "வேணாம் தம்பி. கீழ வெக்கணும். படத்தோட அடி தரையத் தொடணும்."

"தரையவா? குனிஞ்சில்லங்க பாக்கணும்! குறுக்க யாராச்சும் போனா நெழலு விழும்."

"விழட்டும். புள்ள தரையில நிக்கணும். அந்தரத்துல நிக்கக் கூடாது."

வந்தவர் என்னைப் பார்த்தார். நான் சீலிங்கைப் பார்த்தேன். ஏணி வந்த வழியே திரும்பியது.

இப்போது ஹால் இருக்கும் லட்சணம்: ப்ரொ. என் மணைப்பலகை மேல். சோபா பின்னால் தள்ளியாச்சு. படம் ஓதத்துக்குத் தப்பி, சுவரோரப் பழுப்பு டைல்ஸ் வரைக்கும் இறங்குகிறது. சோதனைக்குச் செய்தி போட்டார். வாசிக்கும் பெண்ணின் தாடைக்குக் கீழே எல்லாம் பழுப்பு. நான் சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர். அவரும் சிரித்தார். மூலையில் படம் கோணல். ஒரு பட்டனை அமுக்கி இழுத்து நிமிர்த்தினார். அரை மணி நேரம்.

பிறகு பென்சிலால் சுவரில் ஒரு கோடு போட்டார். என்னைப் பக்கத்தில் நிறுத்தி, இடுப்புக்கு நாலு விரல் கீழே.

டிசம்பர் 12, வெள்ளி

மேகமூட்டம். ஜும்மாவுக்கு அவர் போனதும் செல்வம் போன். "நாலு முடிஞ்சுதுக்கா. அஞ்சாவது ஓடிக்கிட்டு இருக்கு. வெட்டவா?"

"வெட்டிடுங்க" என்று சொல்லத்தான் போனை எடுத்தேன். காலையில் அவர் கேட்டது குறுக்கே வந்தது: "அந்த வயசுல அவ எப்புடி ஓடுவா ஜெமீலா?"

நாலு கேசட்டையும் மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். நாலிலும் பிள்ளை பவுடர் போட்டு, சுவரை ஒட்டி, நிறுத்தி வைத்த இடத்தில் நிற்கிறது. நான் சொல்வதைச் சொல்கிறது. தானாக ஓடியது ஐந்தாவதில் மட்டும். தானாக அத்தா என்று கூப்பிட்டதும் அதில் மட்டும்.

"வெட்ட வேணாம் செல்வம்."

வைத்துவிட்டேன். பயமாக இருக்கிறது. முப்பது வருடம் மறைத்ததற்குக் கேட்பார். கேட்க உரிமை உண்டு.

நாளை அவர் பென்டிரைவ் வாங்கி வருவார்.

டிசம்பர் 14, ஞாயிறு

நல்ல வெயில். திரைத்துணி எல்லாம் இழுத்து விட்டு, பகல் பதினொன்றுக்கே ஹால் இருட்டு. அவர் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. சொந்த வீட்டு ஹாலில் உட்கார.

முதல் நாலும் வரிசையாக. மங்கல்தான், ஓரத்தில் கோடு கோடாக ஓடுகிறது. பிள்ளை நிற்கிறது. எங்கிருந்தோ என் குரல், இளசாக: "அத்தாவுக்கு சலாம் சொல்லு." ஒவ்வொரு தடவையும் அவர், சோபாவில் இருந்தபடி, பதில் சலாம் சொன்னார். வாய்க்குள்.

ஐந்தாவது. பந்தல், பூ, இப்போது இல்லாத பல முகங்கள். கேமரா வாசல் தாண்டி உள்ளே வருகிறது. தூரத்தில், என் பக்கத்தில், மஞ்சள் கவுன். கட்டைவிரல் அளவு.

ஓடி வந்தாள். கையைத் தூக்கிக்கொண்டு, ஷூ ஒன்று கழன்றது கூடத் தெரியாமல். சுவர் முழுக்க அவள் முகம். "அத்தா! அத்தா வந்துட்டாங்க!" அப்புறம் தரை. சிரிப்பு. ஒரு அடி விழுகிற சத்தம்.

"யார அத்தாங்குறா?"

"கேமராவ. செல்வத்த. நான்தான் அப்புடிச் சொல்லிக் குடுத்தேன்."

"அடிச்சியா?"

"அடிச்சேன். அதான் அனுப்பல. சிக்கல, ஒண்ணும் ஆவல. பொய்தான் எழுதுனேன்."

அவர் சுவரில் தெரிந்த தரையையே பார்த்தார். ப்ரொ. காற்றாடிச் சத்தம் மட்டும். பிறகு: "நல்லவேள அனுப்பல. அந்த ரூம்ல வெச்சு இதப் பாத்திருந்தா, அன்னிக்கே பொட்டியக் கட்டியிருப்பேன். இந்த வூடு ஏது?" மறுபடி அவரே: "கட்டியிருக்கணும்."

நான் அழுதேன். அவரும்.

"திருப்பிப் போடு."

அவர் எழுந்து சுவரருகே போனார். முட்டி வலியோடு, சுவரைப் பிடித்து, பென்சில் கோட்டுக்குப் பக்கத்தில் மண்டியிட்டு என் பக்கம் திரும்பினார். வெளிச்சம் கண்ணில் குத்தக் கண்ணைச் சுருக்கிக்கொண்டார். நிழல் பின்னால் சுவரில்.

"அவ உசரம் வர்ற எடத்துல நிறுத்து ஜெமீலா. எனக்குத் தெரியாது. ஒனக்குத்தான் தெரியும்."

ரிமோட் என் கையில். முதல் தடவை சீக்கிரம் நிறுத்திவிட்டேன், முழங்கால் அளவுதான். இரண்டாவது தடவை தாமதமாகி, ரொம்பப் பெரிதாகிவிட்டாள். மூன்றாவது தடவை, இடுப்புக்கு நாலு விரல் கீழே, நிறுத்தினேன்.

மஞ்சள் கவுனில் பாதி சுவரில். பாதி அவர் வெள்ளைச் சட்டையில்.