எட்டாவது மூச்சு

1961 செப்டம்பர் 11, திங்கள்

சாப்பிடும்போது அண்ணன் கேட்டான், "எத்தன பேரு வந்தாவ?"

"ஏழு பேர்" என்றேன். எட்டுப் பேர் மூச்சு விட்டதைச் சொல்லவில்லை.

பெண்களுக்கான உடற்பயிற்சி வகுப்பின் முதல் நாள் நன்றாகத்தான் நடந்தது. குற்றாலத்தில் சீசன் முடிந்து பூட்டிக் கிடக்கும் வீடுகளில் ஒன்றின் கூடம். ஆள் புழங்கினால் கரையான் ஏறாது என்று வீட்டுக்காரர் மே மாதம் வரை விட்டிருக்கிறார். ஏழு கோரைப்பாய், தலைகளெல்லாம் கிழக்கே. முழங்காலை மடக்கி, கண்ணை மூடி, விலா விரியும்படி மூச்சு. ஐந்து எண்ணும் வரை உள்ளே, ஐந்து எண்ணும் வரை வெளியே. மிஷன் ஆஸ்பத்திரியின் பயிற்சி வார்டில் மிஸ் ஆல்டன் எனக்குச் சொல்லித் தந்த முறை. அவர் அதை நியூயார்க்கில் ஒரு ஜெர்மன் கிழவரிடம் படித்தாராம்.

மிஸ் ஆல்டனைப் போலவே வெறுங்காலோடு பாய்களுக்கு நடுவே நடந்தேன். ஏழு மூச்சும் ஒன்றாக வெளியே போய் முடிந்தன. அதன் பிறகு வடக்கு மூலையில் ஒன்று. தாமதமாக, மேல்மார்பிலிருந்து, பாதியில் அறுந்து.

அந்த மூலையில் பாய் இல்லை.

செப்டம்பர் 13, புதன்

இன்றும்.

செப்டம்பர் 20, புதன்

பஸ்ஸில் வரும்போது காரணங்களை அடுக்கிப் பார்த்தேன். அருவி இரைச்சல். காரை பெயர்ந்த சுவரில் எதிரொலி. புது வேலையின் நடுக்கம். கதைகளில் இப்படி வந்தால் நாலு பக்கத்துக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டேன் என்று சிரிக்கிறவள் நான்.

வகுப்பில் இன்று நிஜமாகவே சிரிப்பு. ஹைருன் பீவி தென்காசி ஜவுளிக்கடை வீட்டு அம்மா. சேலைக்கு உள்ளே கணவரின் பைஜாமாவைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். "அவுக தேடுதாக, எங்க என் பைஜாமாண்ணு. நான் இங்கன மல்லாந்து கெடக்கேன்." காலை உயர்த்திக் கையால் காற்றை அடித்து நூறு எண்ணும் பயிற்சிக்கு, "வயித்துக்குள்ள நெல்லு குத்துதாப்ல இருக்கு" என்றார்.

முப்பிடாதியம்மாள் சிரிக்கவில்லை. இலஞ்சியில் வயல்காரர் வீடு. மூன்றாவது பிரசவத்துக்குப் பிறகு முதுகு நிமிரவில்லை, ஆறு வருடமாய்த் தரையைப் பார்த்தே நடக்கிறார். தைப்பூசத்துக்குப் பண்பொழி மலைப்படியைத் தன் காலால் ஏற வேண்டும் என்பது அவருடைய ஆசை. அவர் ஏறிவிட்டால் இலஞ்சியில் பாதிப் பெண்கள் என்னிடம் வருவார்கள். ஏறாவிட்டால் இந்த ஏழு பேரும் நிற்க மாட்டார்கள். அண்ணன் தை மாதம் வரைதான் தவணை கொடுத்திருக்கிறான். அதற்கு மேல் வாசுதேவநல்லூர் பள்ளியில் தையல் டீச்சர்.

வாழ்நாள் முழுக்கத் தலையணை உறைக்கு ஓரம் அடிக்க வேண்டும். முடியாது.

செப்டம்பர் 29, வெள்ளி

வீட்டைப் பெருக்கும் மூக்கம்மாளிடம், ஏதோ பேச்சுவாக்கில் கேட்பதுபோல், இந்த வீட்டில் முன்பு யார் இருந்தார்கள் என்று கேட்டேன்.

"சீசனுக்கு வருவாக, குளிப்பாக, போவாக. பேரு யாரு கேட்டா?"

"யாராவது முடியாமல்..."

"முடியாதவுகதான தண்ணிக்கு வருவாக" என்று சொல்லிவிட்டுத் துடைப்பத்தை எடுத்துக்கொண்டாள். கூடம் முழுவதும் பெருக்கினாள். வடக்கு மூலையை மட்டும் பெருக்கவில்லை. நான் கவனித்ததை அவளும் கவனித்தாள்.

அக்டோபர் 6, வெள்ளி

எதிரொலி இல்லை. எதிரொலிக்குச் சூடு கிடையாது.

இன்று அந்தப் பக்கம் நடந்தபோது வெளிமூச்சு என் கணுக்காலில் பட்டது. தரையிலிருந்து ஒரு சாண் உயரம். படுத்திருக்கிறது, தலை வடக்கே. நம்மில் யார் அப்படிப் படுப்பார்கள்?

நான் எண்ணுவதை நிறுத்தவில்லை. ஒருவரும் கண்ணைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன்? ஒருத்தி பயந்தால் ஏழு பேரும் போய்விடுவார்கள். வாயை மூடிக்கொள், ரெபேக்காள்.

அக்டோபர் 30, திங்கள்

விடாத மழை. ஆறு பேர்தான் வந்தார்கள். மூச்சு ஏழு.

பயம் போய்விட்டது என்று எழுத மாட்டேன். அதன் பக்கத்தில் இன்னொன்று வந்து உட்கார்ந்துகொண்டது. தப்பாக மூச்சு விடுகிறவரைப் பார்த்தால் என்னால் சும்மா இருக்க முடிவதில்லை. அது விலாவை அசைப்பதே இல்லை. நாலில் தட்டுகிறது, ஐந்துக்குள் அறுந்துபோகிறது. இன்னும் கொஞ்சம் நேரம் கொடுத்தால் முழுசாய் விடும் என்று தோன்றுகிறது.

இன்று ஐந்துக்குப் பதில் ஆறு எண்ணினேன்.

நவம்பர் 17, வெள்ளி

எட்டு எண்ணுகிறேன். அது இன்று அறுபடாமல் கடைசி வரை விட்டது! நீளமாக, சீராக. பஸ்ஸில் வரும்போது சிரித்துக்கொண்டே வந்திருக்கிறேன். எதிரே இருந்தவர் முறைத்தார்.

முப்பிடாதியம்மாள் போகும்போது நெற்றியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கேட்டதற்கு, "ஒண்ணுமில்ல டீச்சர், லேசாக் கிறக்கம்" என்றார். சாப்பிடாமல் வந்திருப்பார்.

நவம்பர் 26, ஞாயிறு

கோயிலில் ஜெபத்தின்போதும் சுற்றியிருந்தவர்களின் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தேன். ஆளும் மூச்சும் சரியாக இருந்தன. ஏனோ ஏமாற்றமாக இருந்தது. இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

டிசம்பர் 6, புதன்

பத்து எண்ணினேன். அது பத்துக்கும் வந்தது. நான் அந்த மூலையைப் பார்த்தே நின்றிருக்கிறேன். எத்தனை சுற்று என்று நினைவில்லை. ஹைருன் பீவி "டீச்சரம்மா!" என்று கத்தியபோதுதான் திரும்பினேன். முப்பிடாதியம்மாள் பாயில் உதடு வெளுத்துக் கிடந்தார். கண் செருகியிருந்தது.

தண்ணீர் தெளித்து, பக்கவாட்டில் திருப்பி, முதுகை நீவி... எவ்வளவு நேரம்? பிறகு அவருடைய மூச்சு தானாகத் திரும்பிவிட்டது.

அந்த நேரம் முழுக்க மூலையில் அது நிதானமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே.

என்ன செய்துவிட்டேன் நான். என்ன செய்துட்டேன்.

டிசம்பர் 7, வியாழன்

முப்பிடாதியம்மாளின் கணவர் ஆறுமுகநயினார் அண்ணனின் மரக்கடைக்கு வந்திருக்கிறார். சண்டை போடவில்லையாம். "பொம்பளையளப் படுக்கப்போட்டு மூச்ச அடக்கச் சொல்லுதது என்ன படிப்பு, அண்ணாச்சி?" என்று மட்டும் கேட்டாராம்.

அண்ணன் வீட்டுக்கு வந்ததும் சொன்னான். "ஏட்டி, தை வரைக்கும் வேண்டாம். கிறிஸ்மஸோட நிறுத்து."

அவன் சொன்னதில் தப்பு இல்லை.

டிசம்பர் 9, சனி

இலஞ்சிக்குப் போனேன். நல்லவேளை, ஆறுமுகநயினார் வயலுக்குப் போயிருந்தார். முப்பிடாதியம்மாள் களத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். மூன்று மாதத்துக்கு முன் அவரால் அது முடியாது.

"மன்னிச்சிருங்க அக்கா, எண்ணிக்கை தப்பிட்டு" என்றேன்.

சுளகைக் கீழே வைத்தார். "கோவிச்சுக்கிடாதீங்க டீச்சர். நீங்க எங்களுக்கா எண்ணுனீங்க? அந்த மூலைக்கில்லா எண்ணுனீங்க."

"உங்களுக்குத் தெரியுமா?" என்றேன்.

"மொத நாளே தெரியும். பைஜாமா அம்மாதான் பஸ்ஸில சொன்னாக, 'எட்டாவதா ஒண்ணு கெடக்குட்டி'ன்னு. எல்லாத்துக்கும் தெரியும்."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீங்க பயந்து வகுப்ப நிறுத்திருவீங்கள்லா? அப்புறம் என் முதுக யாரு நிமுத்துவா?"

நான் அவர்களிடமிருந்து மறைத்தேன். அவர்கள் என்னிடமிருந்து மறைத்தார்கள். காரணம் இரண்டு பக்கமும் ஒன்றுதான்.

"வேற இடம் பார்க்கட்டுமா?" என்று கேட்டேன்.

"எங்க பாப்பீங்க இந்த மழையில? அது பாட்டுக்குக் கெடக்கட்டும். ஆனா ஒண்ணு டீச்சர். அதுக்காவ நிக்காதீங்க. நாங்க உசுரோட இருக்கோம்." சுளகை மறுபடி எடுத்துக்கொண்டு, "எங்க வீட்டுக்காரர நான் பாத்துக்கிடுதேன்" என்றார்.

டிசம்பர் 11, திங்கள்

ஏழு பேரும் வந்தார்கள்.

ஐந்து எண்ணினேன். உள்ளே ஐந்து, வெளியே ஐந்து. அது பின்தங்கியது. பாதி மூச்சில் நான் அடுத்த எண்ணுக்குப் போய்விட்டேன். ஓடி வந்து பிடிக்கப் பார்த்தது. மறுபடி மேல்மார்புக்கு ஏறிவிட்டது, மறுபடி நாலில் தட்டியது. மூன்று மாதமாய் நான் நீவி நீவிச் சரிசெய்தது எல்லாம் பத்து நிமிடத்தில் போயிற்று. அந்த மூலைக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டேன். கணுக்காலில் பட்டது. விடுவிடுவென்று, சின்னச் சின்னதாக, கெஞ்சுவதுபோல.

நான் காத்திருக்கவில்லை.

நூறு எண்ணும் பயிற்சியில் அறுபதைத் தாண்டியபோது நின்றுவிட்டது. ஏழு பேரும் கண்ணைத் திறந்து, படுத்தபடியே என்னைப் பார்த்தார்கள். அறுபத்தொன்று என்றேன்.

டிசம்பர் 13, புதன்

ஏழு.

டிசம்பர் 25, திங்கள்

ஆராதனை முடிந்து வரும்போது அண்ணன் வாசுதேவநல்லூர்ப் பேச்சை எடுத்தான். தை வரை என்று முதலில் நீதானே சொன்னாய் என்றேன். "சரிட்டி, தை வரைக்கும்" என்றான்.

1962 ஜனவரி 22, திங்கள்

முந்தாநாள் தைப்பூசம். முப்பிடாதியம்மாள் யார் கையையும் பிடிக்காமல் மலை ஏறினார். பாதியில் மூன்று இடத்தில் உட்கார்ந்தாராம். ஆறுமுகநயினார் பின்னாலேயே குடத்தில் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு போனாராம். இன்று அவரே வண்டி கட்டி மனைவியையும் இன்னும் நாலு பெண்களையும் கொண்டுவந்து இறக்கிவிட்டார். மாடுகளை அவிழ்த்துக் கட்டிவிட்டுக் கொடுக்காப்புளி மரத்தடியில் உட்கார்ந்துகொண்டார்.

அண்ணன் தையல் வேலையைப் பற்றி இப்போதெல்லாம் பேசுவதில்லை.

பிப்ரவரி 7, புதன்

எட்டுக் கிரகமும் ஒன்று சேர்ந்து உலகம் முடியும் என்றார்கள். முடியவில்லை. பதினாறு பேர் வந்தார்கள். கூடத்தில் இடம் போதாமல் வடக்கு மூலையிலும் பாய் விரித்தேன். இலஞ்சியிலிருந்து புதிதாக வந்த பேச்சித்தாய், ஒன்றும் தெரியாமல், அதில் படுத்தாள். மற்றவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

ஐந்து எண்ணினேன். பதினாறு மூச்சு.