கட்டபெட்டு ரெண்டு ஏக்கர்

மருதமலை முருகன் துணை

கோத்தகிரி
8-10-2000

அன்பு மகன் வசந்த்குமாருக்கு அம்மா எழுதிக்கொள்வது. உடம்புக்கு நானும் உன் அப்பாவும் நன்றாகத்தான் இருக்கிறோம், மனசுதான் பத்து நாளாக நிலைகொள்ளவில்லை. மஸ்கட்டில் நீ வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க வேண்டும். இது அப்பாவுக்குத் தெரியாமல் எழுதும் கடிதம். அவர் மளிகைக்குப் போயிருக்கிறார், வருவதற்குள் முடித்துத் தபாலில் போட்டாக வேண்டும். நிலத்துக்குப் பணம் அனுப்பிவிடாதே. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், காரணம் பிறகு.

அப்பா வாங்கச் சொல்லி அனுப்பிய கட்டபெட்டு நிலத்தின் போட்டோவைப் பார்த்துவிட்டு இவ்வளவு பச்சையா என்று போனில் சந்தோஷப்பட்டாய். எனக்கும் அப்படித்தான் இருந்தது. தேயிலை விலை விழுந்ததால் ஏக்கர் பாதி விலைக்கு வருகிறது, தீபாவளி கழிந்த புதன்கிழமையே பத்திரம் என்று தரகன் பரமசிவன் அவசரப்படுத்தவும்தான் எனக்குச் சந்தேகம் தட்டியது. எஸ்டேட்டில் முப்பது வருஷம் மேஸ்திரியாக இருந்த ஜஸ்டஸ் அண்ணனைக் கூட்டிக்கொண்டு நானே போய்ப் பார்த்தேன். செடி என் தலைக்கு மேல் நிற்கிறது. அவர் ஒரு கிளையை வளைத்துக் காட்டி, ‘ஏனுங்க அம்மிணி, இதைப் பார்த்தா மயங்குனீங்க? வெல இல்லீன்னு ரெண்டு வருசமாப் பறிக்காம உட்டுட்டாங்க, செடி மரமாயிருச்சுங்க’ என்றார். கீழே சமவெளியிலிருந்து வந்த நமக்கு உயரமாக வளர்ந்தால் செழிப்பு. தேயிலை இடுப்புக்கு மேல் போனால் கைவிட்டுவிட்டார்கள் என்று அர்த்தமாம். அத்தனையையும் வெட்ட வேண்டும், வெட்டினால் ஒரு வருஷம் போல இலை கிடையாது, ஆனால் உரமும் களையும் கூலியும் நிற்காது. அப்புறம் இலை வந்தாலும் கிலோவுக்கு ஐந்து ரூபாய்கூடத் தருவதில்லை, பறிகூலியே மூன்று ரூபாய். மேல்பக்கத் தடுப்புச்சுவர் போன மழையிலேயே சரிந்து கிடக்கிறது. நிலத்துக்குப் போகும் தடம் பக்கத்துக் காட்டுக்காரருடையது, அவர் மனசு வைத்தால்தான் இலை மூட்டை வெளியே வரும். வீடு கட்டி வாடகைக்கு விடலாம் என்றானே பரமசிவன், அந்தச் சரிவில் அனுமதி கிடைப்பது குதிரைக்கொம்பாம். பத்திரச் செலவும் தரகும் தனி. இப்போது குறைத்துக் கொடுக்கிற அந்தப் பாதி விலையை நிலம் வருஷா வருஷம் நம்மிடம் வாங்கிக்கொள்ளும்.

இதை அப்பாவிடமே சொல்ல வேண்டியதுதானே என்று கேட்பாய். உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. அப்பாவின் ஃபேக்டரியை ஆடி மாதமே மூடிவிட்டார்கள். உன்னிடம் மூச்சு விடக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். இருபத்தாறு வருஷம் அங்கே இலை எடை எழுதியவர், சாக்கில் வரும் கொழுந்தைத் தெரியுமே தவிர செடியைத் தெரியாது. வேலை இல்லாமல் கடைவீதியில் நிற்கக் கூசிக்கொண்டிருந்தவரை, பரமசிவன் ‘வாங்க எஸ்டேட்காரரே’ என்று கூப்பிட்டுவிட்டான். அவ்வளவுதான், மனுஷன் விழுந்துவிட்டார். ஃபேக்டரியில் கடைசியாகக் கொடுத்த பணத்தில் பதினையாயிரம் முன்பணமும் கொடுத்தாயிற்று. அது திரும்பாது, போகட்டும். நீ ஆறு வருஷம் வெயிலில் நின்று சேர்த்தது போகக்கூடாது. அவர்மேல் கோபம் கோபமாக வருகிறது, முகத்தைப் பார்த்தால் வாய் வரமாட்டேன் என்கிறது.

அதனால் இந்தக் கடிதம் கிடைத்த பிறகு வரும் ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது நீயாகவே முடிவெடுத்த மாதிரிச் சொல். மலையில் வேண்டாம், கோயமுத்தூரில் ஒரு வீடு போதும், ஒரு வருஷம் ஆனாலும் பரவாயில்லை, நீங்கள்தான் அலைந்து வில்லங்கம் எல்லாம் பார்த்து முடித்துத் தர வேண்டும் என்று சொல். ஃபேக்டரி பேச்சை எடுக்காதே. பேச்சு மாறுகிறவன் என்று திட்டுவார், பத்து நாள் பேசமாட்டார். அந்தத் திட்டை வாங்கிக்கொள் கண்ணு, எனக்காக. நிலத்தில் நடக்க என்று முழங்கால் உயரத்துக்கு ரப்பர் கம்பூட்ஸ் வாங்கிக் கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கிறார். நேற்றுக் கூட்டும்போது கையில் தட்டுப்பட்டது. பார்க்காத மாதிரி உள்ளேயே தள்ளிவிட்டேன்.

முருகன் உனக்கு ஒரு குறையும் வைக்கமாட்டான், நன்றாக இரு. படித்ததும் இதைக் கிழித்துவிடு.

இப்படிக்கு,
உன் அம்மா
பங்கஜம்