நாலு மணி ஐஸ், ஆறு மணி ரீடிங்

நெரவி,
சித்திரை 9

அன்புள்ள மொழிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் இரண்டே முக்கால் பேரும் நலம். முக்கால் என்று எழுதியதற்குக் கோபப்படாதே, உன் அம்மாவுக்கு முப்பத்தோரு வாரம் முடிந்திருக்கிறது, கணக்குப்படி அவ்வளவுதான் வரும். நீயும் நலமாக இருப்பாய், லூதியானாவில் வெயில் நாற்பதைத் தாண்டியதாகப் போனில் காட்டுகிறது, ஹாஸ்டல் தண்ணீர்த் தொட்டி மொட்டை மாடியில் இருந்தால் மத்தியானம் குளிக்காதே. ஏன் கடிதம் என்று கேட்பாய். போனில் பேசினால் இரண்டாவது நிமிஷத்தில் நான் கத்துவேன், மூன்றாவது நிமிஷத்தில் நீ வைத்துவிடுவாய். மெசேஜ் அனுப்பினால் "ஓகே" என்று ஒரு வார்த்தை வரும். கடிதத்தில் நான் கத்தினாலும் உனக்குக் கேட்காது, நீ பாதியில் வைத்தாலும் எனக்குத் தெரியாது. இரண்டு பேருக்கும் வசதி.

விஷயத்துக்கு வருகிறேன். பங்குனியில் அம்மாவுக்குச் சர்க்கரை என்று சொல்லிவிட்டார்கள். கர்ப்பத்தில் வருகிற சர்க்கரை, பிரசவத்துக்குப் பிறகு பெரும்பாலும் போய்விடுமாம். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து நூற்றிருபதுக்குள் இருக்க வேண்டும், சாப்பாட்டிலேயே கட்டுப்படுத்திப் பாருங்கள், ஒரு மாதத்தில் இறங்காவிட்டால் இன்சுலின் என்றார் டாக்டர். சோறு, கோதுமை எல்லாம் அளந்து போட்டாகிவிட்டது, அதில் பிரச்சினை இல்லை. பிரச்சினை ஐஸ். மூன்று மணிக்கு மணியடித்துக்கொண்டு சைக்கிளில் வருவானே, அவனிடம் ரோஸ் கலர் குச்சி ஐஸ் வாங்கித் தின்றிருக்கிறாள், ஒன்றல்ல, தினமும். நான் திடீரென்று ஒரு நாள் அவள் விரலைக் குத்தி மீட்டரில் பார்த்தேன், இருநூற்று முப்பத்தாறு. கத்தினேன். மறுநாளிலிருந்து குச்சி ஐஸ் நின்றது, ஆனால் நான் பிளாண்டிலிருந்து தண்ணீர்க் கேனைக் குளிர வைக்கக் கொண்டு வந்த ஐஸை உடைத்து வாயில் போட்டுக் கடித்துக்கொண்டிருந்தாள். அது மீனுக்குப் போடுகிற ஐஸ் என்று உனக்கே தெரியும், அந்தத் தண்ணீரில் நாங்கள் கை கழுவவும் யோசிப்போம். அதற்கும் கத்தினேன். "ஒடம்பு உள்ளாற எரியுதுங்க, நான் என்ன பண்ணட்டும்" என்றாள். சரி, சர்க்கரை இல்லாத குச்சி ஐஸ் நாமே செய்வோம், குளிர்சாதன டிப்ளமாவும் பத்தொன்பது வருஷ ஐஸ் பிளாண்ட் வேலையும் இதற்குக்கூட உதவாவிட்டால் எதற்கு என்று ஆரம்பித்தேன். இணையத்தில் ஆறு குழி அச்சு ஒன்று வாங்கினேன். ஒரு நோட்டில் கோடு போட்டேன். தேதி, பழம், எடை, முன் ரீடிங், பின் ரீடிங், குறிப்பு. நாலு மணிக்கு ஒரு ஐஸ், ஆறு மணிக்கு விரல் குத்தல், நடுவில் வேறு எதுவும் தின்னக் கூடாது. ரீடிங் நான் எழுதுவேன், குறிப்பு அவள் எழுத வேண்டும். ருசி எப்படி, கடிக்க வருகிறதா, அவ்வளவுதான்.

முதல் முயற்சி வாழைப்பழமும் பேரீச்சையும். சர்க்கரை ஒரு துளி போடவில்லை. ரீடிங் நூற்று எண்பத்தெட்டு. மீட்டர் கெட்டுப்போயிருக்கிறது என்று முடிவு செய்தேன். எந்தக் கருவியையும் நல்ல நிலையில் இருக்கிற ஒன்றை வைத்துத்தானே சரி பார்க்க வேண்டும், அதனால் அதே ஐஸை நானும் தின்று என் விரலையும் குத்தினேன். இருநூற்று இருபத்து நாலு. மீட்டர் சுத்தமாகப் போச்சு என்று மருந்துக் கடைக்குக் கொண்டுபோய் அங்கேயே பெட்டியைத் திறந்து புது மீட்டரில் பார்த்தேன், அதுவும் அதையேதான் சொன்னது. மறுநாள் வெறும் வயிற்றில் லேபில் ரத்தம் கொடுத்தேன், நூற்றைம்பத்தொன்று. மீட்டர் சரி, நான்தான் சரியில்லை. மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், போட்டுக்கொள்கிறேன், நீ கவலைப்பட ஒன்றுமில்லை. உன் அம்மா அந்த லேப் சீட்டைப் பார்த்துவிட்டு உட்கார்ந்து சிரித்தாள், "எனக்கு அளந்து போட்ட சோத்துல மிச்சத்தையெல்லாம் யாரு தின்னதுன்னு இப்பத் தெரியுதா" என்று. மாசிக்குப் பிறகு அவள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். பழத்துக்குள் இருக்கிற சர்க்கரையும் சர்க்கரைதான், நாம் போடவில்லை என்பதால் அது இல்லாமல் போய்விடாது, இது தெரியாமல் டிப்ளமாக்காரன் பழக் கூழைக் காய்ச்சி ஊற்றியிருக்கிறேன். மளிகைக் கடைக்காரர் வேறு, "கருப்பட்டி போடுங்க சார், அதுல சுகரே கெடையாது" என்று அரை கிலோ கட்டப் பார்த்தார். அவருக்கும் ஒரு நாள் விரலைக் குத்த வேண்டும்.

அடுத்து பப்பாளி. வாழையைவிட இனிப்புக் கம்மி, கூழ் நன்றாக வரும், அச்சில் அழகாக உட்கார்ந்தது. அன்றைக்கு எனக்கு லீவு, நாலு மணிக்கு அம்மா குச்சியைக் கையில் எடுக்கிற நேரம் பக்கத்து வீட்டு ஆஸியா பீவி கறிவேப்பிலை கேட்டு வந்தார்கள். ஆரஞ்சுக் கலரைப் பார்த்து என்ன பழம் என்று கேட்டார்கள், சொன்னேன். அவ்வளவுதான், குச்சியைப் பிடுங்கி வாசலில் எறிந்துவிட்டு, அச்சில் மீதி இருந்த ஐந்தையும் சாக்கடையில் கவிழ்த்தார்கள். "புள்ளத்தாச்சிக்கு யாராச்சும் பப்பாளி குடுப்பாங்களா தம்பி? நீங்க படிச்சவங்கதானே? படிச்ச பள்ளிக்கூடத்துல இதெல்லாம் சொல்லித் தரலியா?" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி. பாலிடெக்னிக்கில் இது பாடத்திட்டத்தில் இல்லை என்று நான் சொன்னதும் துடைப்பம் எங்கே என்று தேடினார்கள். டாக்டரிடம் கேட்டேன், நன்றாகப் பழுத்தது ஒன்றும் செய்யாது என்றார். ஆனால் டாக்டர் பக்கத்து வீட்டில் இல்லை, ஆஸியா பீவி இருக்கிறார்கள். பப்பாளி நிறுத்தப்பட்டது. அன்றிலிருந்து தினமும் நாலு மணிக்குக் கரெக்டாக வந்து என்ன பழம் என்று பார்த்துவிட்டுத்தான் போகிறார்கள்.

மூன்றாவது தர்பூசணியும் எலுமிச்சையும். ரீடிங் நூற்றிருபத்தெட்டு, பரவாயில்லை. ஆனால் கல். கடித்ததில் அம்மாவுக்கு ஈறில் ரத்தம் வந்தது, குச்சி உதட்டோடு ஒட்டிக்கொண்டு தண்ணீர் ஊற்றி எடுக்க வேண்டியிருந்தது. இது எனக்கு முன்னாலேயே தெரிந்திருக்க வேண்டும். பிளாண்டில் உப்புத் தண்ணீர்த் தொட்டி மைனஸ் பத்திலும் உறையாமல் ஓடுகிறதென்றால் உப்பினால்தான். குச்சி ஐஸில் அந்த வேலையைச் சர்க்கரை பார்க்கிறது, இனிப்புக்கு மட்டுமல்ல, முழுக்க இறுகிவிடாமல் பிடித்து வைப்பதும் அதுதான். அதை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் வேறு ஏதாவது வேலை பார்க்க வேண்டும். பதினோராவது நாள்தான் வழிக்கு வந்தது. கால் கிலோ கொய்யாப் பழத்தை மிக்ஸியில் அடித்து விதை போக வடிகட்டிக்கொள், புளிக்காத கெட்டித் தயிர் நூறு கிராம், அரை மூடி எலுமிச்சை, ஒரு சிட்டிகை உப்பு. இதைக் கிண்ணத்தோடு பிரீசரில் ஒன்றரை மணி நேரம் வை, ஓரம் இறுகி நடு கொழகொழவென்று இருக்கும்போது எடுத்து மறுபடி மிக்ஸியில் ஒரு சுற்று விடு. உறைந்த துணுக்கெல்லாம் உடைந்து காற்றும் உள்ளே போகும். பிறகு அச்சில் ஊற்றி ஐந்து மணி நேரம். தின்பதற்கு ஐந்து நிமிஷம் முன்னால் வெளியே எடுத்து வை. கடிக்க வருகிறது, ரீடிங் நூற்றுப் பதினொன்று. கொய்யா கிடைக்காத நாளில் நுங்கு போடுகிறேன், அதுவும் சரிப்படுகிறது, கொஞ்சம் இஞ்சிச் சாறு சேர்த்தால் மேல். உணவுத் தொழில்நுட்பம் படிக்கிறவள் நீ, இதில் என்ன தப்பு என்று உனக்குத் தெரிந்திருக்கும். எனக்கு எழுத வேண்டாம், செய்கிறவன் நானாக இருந்தாலும் தின்கிறவள் அவள், அவளிடம் சொல். நேற்று டாக்டர் நோட்டைப் பார்த்தார். இன்சுலின் இப்போதைக்கு வேண்டாம் என்றார்.

இனி மற்றது. மாசி மாதம் நீ அம்மாவிடம் போனில் பேசியபோது ஸ்பீக்கர் போட்டிருந்தது, நான் பக்கத்தில் மோட்டாருக்கு ஒயர் மாற்றிக்கொண்டிருந்தேன். "இந்த வயசுல இதெல்லாம் தேவையாம்மா, நான் இங்க ஃப்ரெண்ட்ஸ்கிட்ட என்னன்னு சொல்றது" என்றாய். அன்றிலிருந்து அவள் கூப்பிட்டால் நீ எடுப்பதில்லை. இதில் உனக்குத் தெரியாத இரண்டு விஷயம் இருக்கிறது. ஒன்று, பொங்கலுக்கு நீ வந்தபோதே சொல்லிவிட வேண்டும் என்றுதான் அவள் சொன்னாள். பரீட்சை முடியட்டும், இப்போது சொல்லிக் குழப்பாதே என்று தடுத்தது நான். ஐந்தாம் மாதம் வரை மறைத்தார்கள் என்று நீ அவளைக் கோபித்துக்கொண்டாய், அந்தக் கோபம் எனக்கு வர வேண்டியது, விலாசம் மாறிப் போய்விட்டது. இரண்டாவது, விஷயம் தெரிந்த அன்றைக்கு அவளிடம் நான் முதலில் சொன்ன வார்த்தையும் ஏறக்குறைய உன்னுடையதுதான். "இப்ப எதுக்கு இது, வேணாம்னா இப்பவே பாத்துடலாம்" என்றேன். நீ இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து சொன்னாய், நான் எதிரில் நின்று சொன்னேன். அவள் உலையில் அரிசி போடப் போய்விட்டாள். ஆகவே உனக்குப் புத்தி சொல்கிற யோக்கியதை எனக்கு இல்லை, சொல்லவும் இல்லை. வெட்கம் என்பதில் என்ன பேச இருக்கிறது. இங்கே பிளாண்டில் தங்கப்பன், உனக்குத் தெரியுமே, பெரிய மீசை, "என்ன மாறா, பேரனுக்கு வாங்க வேண்டிய தொட்டில புள்ளைக்கு வாங்குறியாமே" என்றார் எல்லாருக்கும் முன்னால். "ஆமாண்ணே, கடையில இன்னொண்ணு இருந்துச்சு, உங்களுக்கும் சேத்து எடுத்துட்டு வரட்டுமா" என்றேன். ஒரு வாரம் சிரித்தார்கள், பிறகு கம்ப்ரசர் பழுதானது, எல்லாரும் அதைப் பேச ஆரம்பித்தார்கள். இப்போது யாருக்கும் ஞாபகம்கூட இல்லை.

நோட்டு விஷயம் ஒன்று. குறிப்பு என்று போட்ட கட்டத்தில் ருசியை மட்டும் எழுது என்று அம்மாவிடம் தெளிவாகச் சொல்லியிருந்தேன். நான் ரீடிங்கை மட்டும் பார்ப்பேன், அந்தக் கட்டத்தைப் படித்ததில்லை. டாக்டர்தான் நேற்று படித்துவிட்டு, மொழி யார் என்று கேட்டார். வீட்டுக்கு வந்து எண்ணிப் பார்த்தேன். இருபத்து மூன்று நாள் எழுதியிருக்கிறாள், அதில் பதினாலு நாள் ஐஸைப் பற்றி மட்டும் இல்லை. முதல் நாள், "வாழைப்பழ வாசனை, மொழிக்கு ஆகாது." தர்பூசணி அன்றைக்கு, "கல். மொழி என்றால் இதையும் கடித்திருப்பாள்." நுங்குக்கு, "மொழி சீவ விடமாட்டாள், விரலை விட்டு உறிஞ்சுவாள்." கொய்யா சரியாக வந்த அன்றைக்கு, "இனிப்புப் பத்தாது, மொழி பரவாயில்லை என்பாள்." எனக்கு இதைப் பார்த்து என்ன செய்வதென்று தெரியவில்லை. இனிமேல் சம்பந்தமில்லாததை எழுதாதே என்று சொல்ல நினைத்தேன், சொல்லவில்லை. எல்லாப் பக்கத்தையும் ஜெராக்ஸ் எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். அவளுக்குத் தெரியாது. ரீடிங்கை விட்டுவிடு, கடைசிக் கட்டத்தை மட்டும் பார்.

மே மாதம் வரமாட்டேன், பிஸ்கட் தொழிற்சாலையில் பயிற்சிக்குச் சேர்கிறேன் என்று எழுதியிருந்தாய். பயிற்சி நல்லதுதான், நான் தடுக்கவில்லை. பிரசவத் தேதி ஆனி பத்து என்கிறார்கள். நாலு நாள் தள்ளிப்போனால் மாங்கனித் திருவிழாக் கூட்டத்தில் போய் நிற்கும், பாரதியார் சாலையில் ஆட்டோ நகராது, அதனால் முன்கூட்டியே அம்மாவைத் தருமபுரத்தில் அத்தை வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவேன், அங்கிருந்து ஆஸ்பத்திரி பக்கம். அந்த ஏற்பாடெல்லாம் என் வேலை. வா என்று நான் சொல்லவில்லை. வந்தால் பிரீசரில் இடம் இருக்கிறது, அச்சில் ஆறு குழி, நாங்கள் தின்பது இரண்டுதான்.

நேரத்துக்குச் சாப்பிடு, கடையில் விற்கிற குளிர்பானத்தைக் குறை, என் ரத்தம்தான் உனக்கும் ஓடுகிறது, ஒரு தடவை நீயும் சர்க்கரை பார்த்துக்கொள். ராத்திரி கண் விழித்துப் படிக்காதே. எந்த ஊரில் இருந்தாலும் உனக்கு ஒரு குறையும் வராமல் இருக்க வேண்டும் என்று அம்மா விளக்கேற்றும்போது முணுமுணுப்பது வாசல் வரைக்கும் கேட்கிறது, என் வேண்டுதலும் அதற்குள்தான் வருகிறது.

ஒன்றை மறக்காதே. அம்மா நாலு மணிக்கு ஐஸ் தின்பாள், ஆறு மணிக்கு விரல் குத்துவாள். நடுவில் இரண்டு மணி நேரம் ஒன்றும் தின்னக் கூடாது என்பதால் அடுப்படிப் பக்கம் போவதில்லை, கூடத்தில் நாற்காலி போட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பாள். போன் மடியிலேயே இருக்கும். அந்த நேரம் நான் பிளாண்டில் இருப்பேன்.

இப்படிக்கு,
உன் அப்பா,
மாறன்