எண்பதைத் தாண்டியவர்கள் மண்டியிட வேண்டாம்

மார்ச் 4, செவ்வாய்

மூப்பர் குழுக் கூட்டம். நான் வழக்கம்போல மூலையில் உட்கார்ந்து குறிப்பெடுத்தேன். எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி, சபை அலுவலகத்தில் வாரம் மூன்று நாள் காகிதம் மடிக்கிறாள். அப்பாவுக்குப் பெருமை.

காப்பீட்டுக்காரர்களிடமிருந்து கடிதம் வந்திருக்கிறதாம். பக்கத்து ஊர் சபையில் போன வருடம் பெரிய வியாழன் சடங்கில், மண்டியிட்டு அடுத்தவர் பாதத்தைக் கழுவும்போது ஒருவர் விழுந்து இடுப்பு முறிந்தது. அதனால் இந்தப் பெரிய வியாழனன்று எண்பது வயதைத் தாண்டியவர்கள் மண்டியிடக் கூடாது. முன்வரிசையில் மரியாதை நாற்காலி போட்டு, மற்றவர்கள் கழுவுவதை அவர்கள் பார்க்கலாம்.

எண்பதைத் தாண்டியும் மண்டியிடுகிறவர் எங்கள் சபையில் ஒரே ஒருவர்தான். அகாத்தா அத்தை, எண்பத்தேழு. அந்தப் பெயரை மட்டும் யாரும் சொல்லவில்லை. பொதுவான விதியாம்.

அறிவிப்பை நான் எழுதினேன்: "நம் அருமை மூத்தோர் மண்டியிடும் சிரமத்திலிருந்து அன்புடன் விடுவிக்கப்படுகிறார்கள்." அந்த 'அன்புடன்' என் சேர்க்கை. சமூகவியல் படித்தது வீண்போகவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

ஆராதனை முடிந்து காப்பி குடிக்கும் இடத்தில் அகாத்தா அத்தை அறிவிப்புத் தாளும் பூதக்கண்ணாடியுமாக வந்து நின்றார்.

"ஜானெல், இந்த 'அருமை மூத்தோர்' யாருடி? எனக்குத் தெரிஞ்சவங்களா?"

"குழு முடிவு பண்ணாங்க அத்தை."

"குழுவுக்கு முட்டி இருக்கா? கடைசியா எப்ப மடக்குச்சாம்?"

நான் காப்பிக் குவளைகளை அடுக்கினேன். ஏற்கெனவே அடுக்கியிருந்தவைதான்.

மார்ச் 12, புதன்

அத்தை அலுவலகத்துக்கே வந்துவிட்டார். பனிக் காலணியோடு அச்சு இயந்திரத்தின் முன் மண்டியிட்டுக் காட்டினார். இறங்கியது நொடியில். எழுந்தது வேறு கதை. கோப்பு அலமாரியைப் பிடிக்க, இழுப்பறை திறந்துகொண்டு கூடவே வந்தது.

"பாத்தியா? எழுந்துட்டேன்ல? போய்ச் சொல்லு உங்க மூப்பர் வால்டமர்கிட்ட. கர்த்தர் சீஷர்களோட காலைக் கழுவுனப்ப யாரும் அவர் வயசைக் கேக்கல."

கர்த்தருக்கு அப்போது முப்பத்துச் சொச்சம். சொல்லவில்லை. அத்தையின் முகம் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. அதையும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதில் நான் முனைவர் பட்டமே வாங்கலாம்.

ஏப்ரல் 1, செவ்வாய்

அத்தை அழைப்பில்லாமல் குழுக் கூட்டத்துக்கு வந்தார்.

"உங்க மேல இருக்கிற அன்புலதான் அத்தை இதெல்லாம்," என்றார் தலைமை மூப்பர் வால்டமர்.

"அன்பா? மூணு வாரமா என் வாசல்ல பனி கெடக்கு. அந்த அன்பை ஒரு மண்வெட்டில எடுத்துட்டு வாயேன்."

பாஸ்டர் கென்ட் சமாதானம் செய்பவர். இருவருக்கும் நடுவில் ஏதாவது வைப்பார். "காலுக்குப் பதிலா, வெதுவெதுப்பான ஈரத்துணியால கையைத் துடைச்சா..."

"விமானத்துல சாப்பாட்டுக்கு முன்னாடி குடுப்பாங்களே, அதா பாஸ்டர்?"

பிறகு வால்டமர் என் பக்கம் திரும்பினார். "ஜானெல், நீ படிச்ச பொண்ணு. நீ என்ன நினைக்கிற?"

"ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு."

நாலு வருடப் படிப்பின் பலன், இரண்டே நொடியில். அத்தை என்னை ஒரு பார்வை பார்த்தார். விதி நிலைத்தது.

ஏப்ரல் 17, பெரிய வியாழன்

மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன்.

எங்கள் வழக்கப்படி பெண்கள் கீழ்த்தளத்தில், திரைக்கு இந்தப் பக்கம். ஆண்கள் அந்தப் பக்கம். அத்தை மரியாதை நாற்காலியில் மேலங்கியோடு சாதுவாக உட்கார்ந்திருந்தார். அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

முதல் பாட்டு முடிவதற்குள் எழுந்துபோய் வால்டமரின் மனைவி ஹில்டியின் முன் மண்டியிட்டார். கழுவினார், துடைத்தார். எழ முடியவில்லை. முட்டி பூட்டிக்கொண்டது.

"ஆம்பளைங்களைக் கூப்பிடுங்க!" என்று யாரோ கத்த, திரைக்கு வெளியே வால்டமரின் குரல்: "உள்ள வரலாமா?"

"வராதீங்க! நாங்க வெறுங்காலோட இருக்கோம்!" என்றார் ஹில்டி. முப்பத்தொன்பது வருடமாக அவருடைய மனைவி.

ஒரு கிழவி தரையில் மாட்டிக்கொண்டிருக்க, பன்னிரண்டு பெண்கள் காலுறை தேடினார்கள். அத்தை மட்டும் பதறவில்லை.

"சும்மா எதுக்கு இருக்கணும்? வந்தது வந்தாச்சு. அடுத்த ஆளு உக்காருங்க."

ஐந்து பேருக்குக் கழுவினார். ஆறாவது நான். வருடா வருடம் காப்பி போடுவதாகச் சொல்லித் தப்பிப்பவள், இந்த முறை வசமாக மாட்டினேன். காலுறையில் ஓட்டை வேறு.

பிறகு நானும் ஹில்டியும் அக்குளில் கை கொடுத்துத் தூக்கி அவரை நாற்காலியில் உட்கார வைத்தோம். இனி அவர் முறை. அத்தை இரண்டு காலையும் நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

"எனக்கு வேண்டாம். தண்ணி ஆறிப்போச்சு."

"எப்பவுமே இப்படித்தான்," என்று ஹில்டி என் காதில் சொன்னார். "தன் முறை வந்தா தண்ணி மாத்தப் போயிடுவாங்க. கழுவிக்கிட்டு நான் பாத்ததே இல்ல."

கர்த்தர் காலைக் கழுவ வந்தபோது பேதுருவும் இதே அடம்தான் பிடித்தார். வேதத்தை வசனம் வசனமாக ஒப்பிக்கிற பன்னிரண்டு பேருக்கு அது நினைவுக்கு வரவில்லை.

நான் மண்டியிட்டேன். "காலைக் குடுங்க அத்தை."

"அசிங்கமா இருக்கும்டி."

"குடுங்க."

இந்தக் கட்டடத்துக்குள் நான் உரக்கப் பேசிய முதல் வார்த்தை அதுதான் என்று நினைக்கிறேன். அத்தை ஒரு காலை மெல்ல வெளியே நீட்டினார்.

காலுறையைச் சுருட்டி இறக்கினேன். நகங்கள் மஞ்சளாய்த் தடித்து வளைந்திருந்தன. ஒன்று சதைக்குள் இறங்கிச் சீழ் வைத்திருந்தது. குனிந்து தன் காலைத் தொட்டே ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருக்கும். அடுத்தவர் காலைக் கழுவ உரிமை கேட்டு ஊரையே எதிர்த்து நின்றவர், தன் காலுக்கு ஆள் வேண்டும் என்று ஒருவரிடமும் கேட்கவில்லை.

நாங்களும் கேட்கவில்லை. அன்புடன் நாற்காலி போட்டோம்.

அத்தை சுவரைப் பார்த்தபடி, "மெதுவா," என்றார். அவ்வளவுதான்.

ஏப்ரல் 22, செவ்வாய்

குழுத் தீர்மானம்: விதி நீக்கம். இனி திரையின் ஒவ்வொரு பக்கத்திலும் தூக்கிவிட இரண்டு பேர் காலுறையோடு தயாராக இருக்க வேண்டும். சிரிக்காமல் எழுதினேன்.

அத்தைக்குத் தொலைபேசியில் சொன்னேன். "அடுத்த வருஷம் நான் உக்காந்துக்கிறேன்டி," என்றார். "முட்டி தோத்துப்போச்சு. குழுகிட்ட சொல்லிடாத. சந்தோஷப்படுவாங்க."

மே 3, சனி

சீழ் வைத்த கால்விரல் மருத்துவரிடம் காட்டியதில் ஆறிவிட்டது. மற்ற நகங்களை வெட்ட அத்தை வீட்டுக்குப் போனேன். வெந்நீர், துண்டு, முக்கால் மணி நேரம். பன்றிக் குளம்பு வெட்டுகிறவன் மகள் மாதிரியே வெட்டுகிறேனாம். மாதிரி என்ன, மகளேதான்; அப்பாவின் தொழிலே அது.

வலது கால் முடிந்தது. நிமிர்ந்து முதுகை நெட்டி முறித்துவிட்டுக் குனிந்தால், இடது கால் ஏற்கெனவே என் மடியில் இருந்தது.