கெட்டிப் பாலுக்கு ஆளில்லை

ஆக. 2, திங்கள்
விடியலிலிருந்து மழை. பெஹாலாவில் முழங்கால் தண்ணீர். பால் தூக்கோடு துறைமுகக் குவார்ட்டர்ஸ் போனேன். பங்கஜம் மாமி கதவைப் பாதிதான் திறந்தாள்.

"நாளைலேர்ந்து பால் வேண்டாம்டி செல்லம்மா. சர்க்கார் பால் டிப்போ கார்டு கெடைச்சுடுத்து. பாட்டில்ல, சோதிச்சு, சீல் வெச்சு வரது."

"பாட்டில் வந்து ஒங்க மருமக கதைய கேக்குமா மாமி?"

சிரித்தாள். கதவு மூடிற்று. பால் வாங்கின கடைசி வீடும் போச்சு.

துறைமுகத்தில் கிரேன் வேலையில் இவர் முதுகு போனதிலிருந்து எருமைதான் எங்கள் சோறு. மகாராணி. ஞாயிறு மாட்டுத் தரகர் அவளை வாங்க வருகிறார். அதற்குள் யாராவது பால் எடுத்தால் அவள் இங்கேயே இருப்பாள்.

வாங்க வேண்டியது: புண்ணாக்கு, இவருக்குத் தைலம்.

3, செவ்வாய்
காளிகாட் மிட்டாய்க் கடை, கடைக்காரர் நித்தாய்தா. விரலில் ஒட்டும் பால், பெருமையாகத் திறந்து காட்டினேன். பாலைத் திரிய வைத்து, உருட்டி, பாகில் போட்டு ஒன்று கொடுத்தார். கடித்தேன். கோலிக்குண்டு.

"மோஷேர் தூத், திதி!" எருமைப் பாலாம், அக்கா என்கிறார். ரசகுல்லாவுக்குப் பசும்பால்தானாம். கெட்டியாக இருப்பதே குற்றம்.

"மாமியாருக்குக் குடுங்க அண்ணே, வாய் தெறக்காது." என் ஓட்டை ஹிந்திக்குக் கடையே சிரித்தது. பால் மட்டும் எடுக்கவில்லை. டிராமில் தூக்கை மடியில் வைத்து அழுகை.

5, வியாழன்
கெட்டிதானே குற்றம், இளக்கிவிடலாம். பாலில் தண்ணீர், என் ஆயுசில் முதல் தடவை. பார்வைக்குப் பசும்பாலேதான்.

நித்தாய்தா பால் சோதிக்கும் கண்ணாடிக் குழாயை மிதக்கவிட்டார். தண்ணீர் கலந்த பாலில் ஆழமாக முங்குமாம். முங்கியது.

"ஜல், திதி?" கோபம்கூட இல்லை.

தூக்கை மூடி எடுத்துக்கொண்டு படி இறங்கினேன்.

வீட்டில் இவர்: "அன்னிக்குக் கெட்டின்னு தொரத்துனான், இன்னிக்குத் தண்ணின்னு தொரத்துனான். என்னதான்டி வேணுமாம் அவனுக்கு?" சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

8, ஞாயிறு
வெயில். ஹவுராவிலிருந்து தரகர். கறந்து பார்க்காமல் எடுக்கமாட்டாராம். தானே உட்கார்ந்தார். மகாராணி ஒரே எத்து. வாளி ஒரு பக்கம், மனுஷன் சாணியில்.

"மீசைன்னா அவளுக்கு ஆகாது பாபு."

"தும் நிகாலோ," என்னைக் கறக்கச் சொன்னார்.

பால் வராவிட்டால் போய்விடுவார். போய்விட்டால் நாளை அவளுக்குத் தீனி ஏது? உட்கார்ந்தேன். வயிற்றில் நெற்றியை வைத்து, பாலை இறக்காதேடி, இறக்காதே என்றேன். கை பட்டதும் இறக்கிவிட்டாள், பைத்தியக்காரி. வாளி தளும்ப.

தரகர் விரலைத் தோய்த்துப் பார்த்தார். நல்ல கெட்டியாம். முளையிலிருந்து கயிற்றை அவிழ்த்தார்.