அப்பாவின் ஒன்றே முக்கால் ரூபாய்

14 செப்டம்பர் 1934, பினாங்கு

பகலெல்லாம் கரும்பலகையில் எழுதிவிட்டு இரவிலும் எழுத உட்கார்ந்தது அதிகம்தான். பொறுத்துக்கொள், நோட்டே. சொல்ல வேறு ஆள் இல்லை.

அப்பாவின் கடிதம் வந்தது. "நீ அனுப்பிய நாற்பது வெள்ளிக்கு எழுபது ரூபாய் வரவேண்டும். அறுபத்திரண்டுதான் வந்தது. மீதி எட்டு யாரிடம்?" இங்கே நிபோங் திபால் தோட்டத்தில் அவர் உழைத்த காலத்தில், இந்த நாட்டுக் காசான வெள்ளி ஒன்றுக்கு ஒன்றே முக்கால் ரூபாய். ஊர் திரும்பி இத்தனை வருடமாகியும் அவருக்கு அதுதான் விலை.

கையெழுத்து தபால்காரருடையது. அப்படியென்றால் ஊருக்கே தெரிந்திருக்கும்.

பள்ளி விட்டதும், பணம் அனுப்பும் செட்டியார் கிட்டங்கிக்குப் போனேன். அத்தனை ஆண்கள் நடுவில் அப்பாவின் கடிதத்தை நீட்டினேன். கணக்கப்பிள்ளை படித்துவிட்டுச் சிரித்தார்.

"பி.ஏ. படிச்ச டீச்சரம்மா, அது ஜெர்மன் சண்டைக்கு முந்தின விலை லா! இப்ப ரூபா ஏறிப்போச்சு. வெள்ளிக்கு ஒன்னரைக்குக் கொஞ்சம் மேலதான்."

சீட்டிலும் எழுதிக் கொடுத்தார். பதில் கடிதத்தோடு அதை வைத்தேன். பிறகு எடுத்துவிட்டேன். தபால்காரர் அதை உரக்கப் படிப்பார். மகள் அப்பாவைத் திருத்தியதாக ஊர் சிரிக்கும். எட்டு ரூபாய் அடுத்த மாதம் சேர்த்து அனுப்புவதாக எழுதி ஒட்டிவிட்டேன்.

அதில் எழுதாததை இங்கே எழுதுகிறேன். அப்பா, அடுத்த கடிதத்திலாவது, நான் சாப்பிட்டேனா என்று ஒரு வரி கேளுங்கள்.