நான்கு அங்குலம் குறைத்த மேடை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்ற நினைப்போடுதான் பேனாவைத் திறந்தேன். அடுத்த வரியில் இங்கே எல்லோரும் நலம் என்று எழுதப் போன கையைப் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது. உடம்பளவில் நலம்தான், குழந்தையின் விரலும் ஆறி வருகிறது, அதற்கு மேல் நலம் என்று எழுத மனசு வரவில்லை. குழந்தைக்குச் சின்னக் காயம், அண்ணி அவள் அக்கா வீட்டுக்குப் போயிருக்கிறாள், லீவுதானே என்று அண்ணன் உன்னிடம் போனில் சொன்னானாம். அது பாதி. மீதியை நான்தான் சொல்ல வேண்டும். போனில் சொல்லலாம் என்றால் திரையில் என் முகத்தைப் பார்த்ததும் சாப்பிட்டீங்களாப்பா என்று நீ ஆரம்பிப்பாய், எனக்கும் சாப்பிட்டேன் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள வசதியாகிவிடும். அதனால்தான் தபாலில் எழுதுகிறேன். பொறுமையாக உட்கார்ந்து படி, வேலைக்குக் கிளம்புகிற அவசரத்தில் படிக்காதே.

சமையலறையை இடித்துக் கட்டுகிறோம் என்பது உனக்குத் தெரியும். உன் அம்மா இருக்கும்போதே செய்திருக்க வேண்டியது. ஊரில் இருக்கிற வீட்டுக்கெல்லாம் வரைபடம் போட்டுக் கொடுத்தவர், சொந்த வீட்டில் ஒரு அலமாரிக்குக் கோடு போடவில்லை என்று வருகிறவர்களிடமெல்லாம் அவள் சொல்லிக் காட்டுவாள். அவள் போய் இரண்டு வருஷம் ஆன பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது. வரைபடம் நானே போட்டேன். அண்ணியிடம் உனக்கு என்னம்மா வேண்டும் என்று கேட்டதற்கு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "மேடை மட்டும் உயரமா இருக்கட்டும் மாமா. நாள் பூரா கிளினிக்ல குனிஞ்சு நிக்கறேன், வீட்டுக்கு வந்தும் குனிஞ்சா முதுகு விட்டுப்போகுது." அவள் நல்ல உயரம், பல் டாக்டருக்குப் பக்கத்தில் நின்று கருவி எடுத்துக் கொடுக்கிற வேலை, கேட்டதில் நியாயம் இருந்தது. முப்பத்தைந்து அங்குலம் என்று வரைபடத்தில் எழுதினேன். இடிக்கிற வேலை ஆரம்பித்ததும் அடுப்பு ஹாலுக்கு வந்தது, சோபாவுக்குப் பின்னால் சிலிண்டர், பாத்திரம் கழுவுவது குளியலறையில், எதைத் தொட்டாலும் சிமெண்டு தூசி. அண்ணி ஐந்து மணிக்கு எழுந்து அந்த ஒற்றை அடுப்பில் எல்லோருக்கும் சமைத்து வைத்துவிட்டு எட்டரைக்குக் கிளம்புவாள். முகத்தைச் சுளித்து நான் பார்த்ததில்லை. உன் அண்ணன்தான் காபி டம்ளரில் மணல் இருக்கிறது என்று தினமும் ஒரு புகார்.

இதற்கு நடுவில் ரயிலுக்குப் பள்ளிக்கூட லீவு விட்டார்கள். ரயில் என்று உன் மருமகளுக்கு நான்தான் பெயர் வைத்தேன், பேச ஆரம்பித்தால் எந்த ஸ்டேஷனிலும் நிற்க மாட்டாள். குழந்தை நாள் முழுக்க போனைப் பிடித்துக்கொண்டு உட்காரக் கூடாது என்று அண்ணி ஒரு ஏற்பாடு செய்திருந்தாள். ஒரு நாளைக்கு ஒரு கைவேலை. பழைய கவர்களில் வண்ணத்தாள், அட்டை, நூல், பொத்தான் என்று அந்தந்த நாளுக்கு வேண்டியதைப் போட்டு, மேலே தேதி எழுதி, துணி கிளிப் மாட்டி வரிசையாகக் கொடியில் தொங்கவிட்டிருந்தாள். வேலைக்கும் போய், ஹாலில் சமைத்து, அதற்கும் எங்கே நேரம் கண்டுபிடித்தாள் என்று எனக்கு இன்னும் புரியவில்லை. என் வேலை கூட உட்கார்ந்து பார்த்துக்கொள்வது மட்டும். முதல் வாரம் காகிதப் பறவை, தீப்பெட்டியில் மேஜை நாற்காலி, பாட்டில் மூடியில் கடிகாரம் என்று நன்றாகத்தான் போனது. உன் பழைய கணக்கு நோட்டின் அட்டைகூட இப்போது ஒரு ஆமையின் முதுகாக இருக்கிறது, கோபப்படாதே.

ஒன்பதாம் நாள் கவரில் அட்டை வீடு. அதன் மேல் அண்ணி சிவப்பு மையில் எழுதியிருந்தாள்: "க்ளூ கன் அம்மா வந்த பிறகு." பசைக்குச்சியைச் சூட்டில் உருக்கி விடுகிற அந்தக் கருவியை அலமாரியில் மேல் தட்டில் வைத்துவிட்டுத்தான் போயிருந்தாள். குழந்தை காலையிலிருந்து நச்சரித்தது, "தாத்தா, சுவர் மட்டும் ஒட்டிக்கறேன் தாத்தா, கூரைய அம்மா வந்து ஒட்டட்டும்." உள்ளே கொத்தனார் மேடைக்குத் தாங்கு சுவர் எழுப்பிக்கொண்டிருந்தார். எனக்குக் கவனம் முழுக்க அங்கே. சரி என்று எடுத்துக் கொடுத்தேன் பாப்பா. எடுத்துக் கொடுத்தது மட்டுமில்லை, ப்ளக்கிலும் நானே மாட்டினேன். தொட்டால் சுடும், பார்த்துச் செய் என்று வாயால் சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டேன்.

உள்ளே போய் நான் செய்ததை எழுதத்தான் இரண்டு நாளாக இந்தக் காகிதத்தை மடித்து மடித்து வைத்தேன். தாங்கு சுவர் ஏறக்குறைய முடிகிற நிலையில் இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு என்னவோ செய்தது. உன் அம்மா அந்த மேடை முன்னால் நின்றால் காய் நறுக்க முக்காலி போட்டு ஏற வேண்டியிருக்கும் என்று தோன்றியது. நாம் குடியிருந்த எல்லா வீட்டிலும் அவள் மேடை முப்பத்தொரு அங்குலம். இந்த உயரத்தில் கட்டிவிட்டால் இது அவள் நின்ற இடமே இல்லை என்று ஆகிவிடும் போலிருந்தது. கொத்தனாரிடம் நாலு அங்குலம் குறைத்து அதோடு நிறுத்தி மேடைக் கல்லைப் போட்டுவிடுங்கள் என்றேன். அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "அந்தம்மா முப்பத்தஞ்சுன்னு ரெண்டு தடவ சொல்லிட்டுப் போனாங்களே ஐயா?" என்று கேட்டார். நான் சொன்ன பதில், "வீட்டுக்குப் பெரியவன் நான் சொல்றேன்ல, போடுங்க." சுவரில் எழுதியிருந்த முப்பத்தைந்தை அடித்து, பென்சிலால் முப்பத்தொன்று என்று நானே எழுதினேன். எழுதி முடிக்கவில்லை, ஹாலிலிருந்து அலறல்.

ஆள்காட்டி விரலிலும் நடு விரலிலும் உருகிய பசை ஒட்டிக்கொண்டிருந்தது. தூக்கிக்கொண்டு சமையலறைக்கு ஓடினேன், அங்கே குழாயே இல்லை என்பது அங்கே போன பிறகுதான் உறைத்தது. குளியலறையில் தண்ணீரைத் திறந்து கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன், அப்புறம் ஆட்டோ, ஆஸ்பத்திரி. பயப்பட ஒன்றும் இல்லை, விரல் நுனியில் தழும்பு மட்டும் நிற்கலாம் என்றார் டாக்டர். அண்ணனுக்குப் போன் செய்தேன். அண்ணிக்குச் செய்ய விரல் வரவில்லை. பெற்றவளுக்குக் கடைசியில்தான் தெரிந்தது, அதுவும் அவள் வீட்டுக்கு வந்து விரலில் போட்டிருந்த கட்டைப் பார்த்த பிறகு. குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்புறம் எழுந்து சமையலறைக்குப் போனாள். நாங்கள் ஆஸ்பத்திரியில் இருந்த நேரத்தில் கொத்தனார் சொன்னபடி கல்லைப் போட்டு முடித்திருந்தார். அதன் மேல் கையை வைத்துப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள். "இந்த ஒண்ணு உங்க ஒண்ணுதானே மாமா?" என்று கேட்டாள். நான் ஒன்று என்ற எண்ணைப் போட்டால் அதன் தலையில் ஒரு கொக்கி விழும், வரைபடம் போட்டுப் போட்டு வந்த பழக்கம். வாய் கூசாமல் சொன்னேன், கொத்தனார் தப்பாகப் புரிந்துகொண்டிருப்பார் என்று.

உன் அண்ணன் உடனே அவருக்குப் போன் போட்டுக் கத்தினான். அவர், "உங்கப்பாவயே கேளுங்க தம்பி" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாராம். அவன் திரும்பி என்னைப் பார்த்தான், நான் ஜன்னலைப் பார்த்தேன். மறுநாள் காலையில் அண்ணி குழந்தையின் துணியை எடுத்து வைத்தாள். சண்டை இல்லை, குரல் உயரவில்லை. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள், "மேடை தப்பானா இடிச்சுக் கட்டிக்கலாம் மாமா. இவள யாரை நம்பி விட்டுட்டு நான் வேலைக்குப் போறது?" கொடியில் மிச்சமிருந்த ஆறு கவரையும் எடுத்துக்கொண்டு போனாள். அண்ணன் அவள் கிளினிக் பக்கத்திலேயே வாடகைக்கு வீடு பார்க்கலாமா என்று யாரிடமோ விசாரிப்பது காதில் விழுந்தது. அவனும் நானும் கடையில் வாங்கிச் சாப்பிட்டோம், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல்.

மூன்றாம் நாள் அண்ணன்தான் சொன்னான். குழந்தை தன் அம்மாவிடம், "தாத்தா தரலம்மா, நானே நாற்காலி போட்டு ஏறி எடுத்தேன், நானே ப்ளக்ல மாட்டினேன்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறதாம். அவனுக்கு அது பொய் என்று தெரியாது, குழந்தையின் குறும்பு என்று சொன்னான். எனக்கு முகத்தில் அறைந்ததுபோல் ஆகிவிட்டது. நான் கொத்தனார் மேல் பழியைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன், எட்டு வயசுக் குழந்தை என்னைக் காப்பாற்றத் தன் மேல் போட்டுக்கொள்கிறது. அந்த இடத்திலேயே அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் திட்டியிருந்தால் தேவலை. "சரிப்பா" என்று எழுந்து போய்விட்டான்.

கொத்தனார் வீட்டைத் தேடிக்கொண்டு போனேன். உட்காரச் சொன்னார், நான் நின்றேன். தப்பு என்னுடையது, மன்னிக்க வேண்டும் என்றேன். "எங்களுக்கு இது பழக்கம்தான் ஐயா. ஆனா உங்க மகன் போன்ல பேசினப்ப என் பொண்ணு பக்கத்துல நின்னுட்டிருந்தா" என்றார். அந்தப் பெண்ணைக் கூப்பிடச் சொல்லி, உங்கள் அப்பா சரியாகத்தான் கட்டினார் அம்மா, நான்தான் மாற்றச் சொன்னேன் என்று அவளிடமும் சொன்னேன். அவள் தலையாட்டிவிட்டு உள்ளே போனாள். கிளம்பும்போது கொத்தனார், "நாளைக்கு வரேன். இந்தத் தடவ அளவ எழுதிக் கீழ கையெழுத்தும் போட்டுடுங்க" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார், ஆனாலும் போட வைத்துவிட்டார். மறுநாள் வந்து கல்லை எடுத்துவிட்டு, "முப்பத்தஞ்சு போதுமா, அந்தம்மாவ அளந்தீங்களா?" என்று கேட்டார். அப்போதுதான் யோசித்தேன், நான் அளக்கவே இல்லை. உத்தேசமாக எழுதின கணக்கு அது. நின்று வேலை செய்கிறவர்களின் முழங்கை தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்து அதிலிருந்து ஐந்தாறு அங்குலம் கழிக்க வேண்டும் என்று எத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

டேப்பைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளினிக்குக்குப் போனேன். டோக்கன் வாங்கினால்தான் உள்ளே விடுவார்களாம், வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். பதினான்காம் எண். பக்கத்தில் கன்னம் வீங்கின ஒருவர் எந்தப் பல் என்று கேட்டார். அண்ணி டோக்கன் கூப்பிட வந்தவள் என்னைப் பார்த்து நின்றுவிட்டாள். "என்ன மாமா, பல்லு வலியா?" இல்லம்மா, உன் முழங்கை வேணும் என்றேன். கன்னம் வீங்கினவர் வலியை மறந்து சிரித்துவிட்டார். அவள் சிரிக்கவில்லை, வராந்தாச் சுவரை ஒட்டிப் போய்க் கையை மடக்கி நின்றாள். நான் மண்டியிட்டு டேப்பின் நுனியைத் தரையில் அழுத்திக்கொண்டேன். நிமிர்ந்து பார்த்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன், தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். உயரத்தைக் குறைக்கச் சொன்னது நான், கொத்தனார் இல்லை. ப்ளக்கில் மாட்டினதும் நான், குழந்தை இல்லை. அவள், "மேடைய ஏன் மாமா?" என்றாள். அது அத்தையோட உயரம்மா என்றேன். டேப்பை இழுத்து அளக்கப் போனேன். "இருங்க மாமா, செருப்போட அளந்தா தப்பா வரும்" என்று செருப்பைக் கழற்றி ஓரமாகத் தள்ளிவிட்டு வெறுங்காலோடு நின்றாள். நாற்பத்தொன்றரை அங்குலம். டோக்கன் சீட்டின் பின்னால் எழுதிக்கொண்டேன். உள்ளேயிருந்து டாக்டர் கூப்பிட்டார், போய்விட்டாள்.

அதில் ஐந்தரை கழித்து, மேடை முப்பத்தாறில் முடிந்தது. சனிக்கிழமை சாயங்காலம் அண்ணி வந்தாள், தனியாக. மேடை மேல் கையை வைத்து, காய் நறுக்குகிறதுபோல் இரண்டு தடவை அசைத்துப் பார்த்தாள். உயரம் சரியாக இருக்கிறது என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "திங்கக்கிழமை வந்துடறோம் மாமா. ஆனா நான் வேலைக்குப் போற நேரத்துல அவ பக்கத்துத் தெருவுல கைவேலை கத்துக்கொடுக்கற வகுப்புக்குப் போவா. நாங்க இருக்கறப்ப உங்ககூட இருக்கட்டும். இப்போதைக்கு அப்படித்தான்" என்றாள். அதைச் சொல்லும்போது அவளுக்கும் கண் கலங்கியது. நான் சரிம்மா என்றேன். வேறு எதையும் கூடச் சேர்த்துச் சொல்லாமல் சரி என்று மட்டும் சொல்லத் தெரிந்தது, அது ஒன்றுதான் இந்தப் பத்து நாளில் நான் உருப்படியாகச் செய்தது. வகுப்புக்கு அவளைக் கொண்டுபோய் விடுவதும் நான் இல்லை, அண்ணன்தான். கதவோரம் நின்று கையசைக்கலாம்.

நீ அண்ணிக்குப் போன் செய்து எனக்காகப் பரிந்து பேசாதே, இது என் கண்டிப்பான வேண்டுகோள். அப்பாவுக்கு வயசாகிவிட்டது, விட்டுவிடுங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால்கூட அவளுக்கு நான் செய்ததைவிடப் பெரிய அநியாயம். குழந்தையிடம் பேசினால் விரலைப் பற்றிக் கேள், யார் செய்தது என்று கேட்காதே. உனக்குப் போன வாரம் இருமல் இருந்ததே, டாக்டரைப் பார்த்தாயா? நின்றுகொண்டே சாப்பிடுகிற பழக்கத்தை விடு, மாப்பிள்ளையிடம் நான் சொன்னதாகச் சொல். உனக்கும் அவருக்கும் என் மனமார்ந்த ஆசீர்வாதம், நீங்கள் இருவரும் நோய் நொடியில்லாமல் ஒருவருக்கொருவர் துணையாக இருக்க வேண்டும். படித்ததும் பதில் எழுது, என்னைத் திட்டி எழுதினாலும் சரி.

என்றும் உன் நலம் நாடும்,
அப்பா